போகும்போது ஐந்து, வரும்போது ஆறு

முள் என்றால் நம் வயதுக்காரர்களுக்குச் சின்ன வயதில் இரண்டுதான் தெரியும். ஒன்று மீன் முள். தொண்டையில் மாட்டினால் வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கச் சொல்வார்கள். இன்னொன்று கடிகார முள். அதுவும் எல்லார் வீட்டிலும் இருந்ததில்லை, கம்பெனிச் சங்கு ஊதினால் மணி தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது மூன்றாவது ஒரு முள்ளைப் பற்றி. என் சுண்டுவிரலில் பாதி நீளம்கூட இருக்காது. ஒரு கோடை லீவு முழுக்க எங்கள் தெருவை அது ஆட்டிவைத்தது. உங்களில் சிலருக்கு அந்தத் தெரு தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் எங்கள் நைனாவின் வண்டிச் சத்தமாவது காதில் விழுந்திருக்கும்.

ராயபுரத்தில் எங்கள் தெரு கடலையொட்டித் தெற்கு வடக்காக ஓடும். வெள்ளைக்காரன் போய் நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. அவன் பட்டாளம் விட்டுப்போன சாமான் மட்டும் விற்றுத் தீரவேயில்லை. கித்தான் பை, தகரக் குவளை, ஒற்றைக் கால் பூட்ஸ், எதற்கென்றே தெரியாத பெல்ட்டு என்று வந்துகொண்டே இருந்தது. அதில் ஒன்றுதான் நைனாவின் மோட்டார் சைக்கிள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். திருவொற்றியூரைத் தாண்டி ஒரு கம்பெனியில் அவர் பிட்டர். காலையில் வடக்கே போவார், சாயங்காலம் தெற்கே திரும்புவார். வண்டிக்குத் தெருவில் "பட்டாளம்" என்று பேர். "பட்டாளம் வந்துட்ச்சா?" என்று யாராவது கேட்டால் நைனா வீட்டுக்கு வந்துவிட்டாரா என்று அர்த்தம்.

நைனாவால் சும்மா இருக்க முடியாது. உட்கார்ந்தால் தொடை ஆடும், நின்றால் கையில் சாவிக்கொத்து ஆடும். "இந்தாளு தூங்கும்போதுகூட யாருக்கோ பதில் சொல்லிக்கினு கீறாரு" என்பாள் அம்மா. அந்த வண்டியோ பாட்டரி இருந்தால்தான் கிளம்பும். பாட்டரி இறங்கிவிட்டால் என்ன உதைத்தாலும் கல்லு மாதிரி நிற்கும். ஒரு நாள் காலை தண்டையார்பேட்டை தாண்டி நின்றுவிட்டது. தள்ளிக்கொண்டே போய்ச் சேர்வதற்குள் கம்பெனி கேட் மூடிவிட்டது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றாமலே கத்தினார்.

"வவுத்துல இன்னா கீதுன்னு சொல்லாத வண்டிய வச்சிக்கினு நான் இன்னாத்த பண்றது?"

பாட்டரியில் எவ்வளவு தெம்பு இருக்கிறது என்று காட்டுகிற மீட்டர் மவுண்ட் ரோடு கடையில் இருக்கிறதாம். நைனாவுக்கு மவுண்ட் ரோடு வேறு தேசம். தானே பண்ணுவது என்று முடிவு செய்தார். அவர் ஒரு முடிவு செய்தால் அது வீட்டிலிருக்கிற எல்லோருடைய முடிவும் ஆகிவிடும்.

இந்த இடத்தில் பாட்டரி பாயைச் சொல்லிவிட வேண்டும். ராயபுரத்திலிருந்து வடக்கே தண்டையார்பேட்டை போகிற ரோட்டில், இடதுகைப் பக்கம் அவர் கடை. இறங்கிப்போன பாட்டரிகளுக்கு மறுபடி கரண்ட் ஏற்றிக் கொடுப்பது தொழில். உள்ளே போனால் ஆசிட் வாடை மூக்கின் உச்சியைக் கிள்ளும். வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள். கஞ்சி கொதிக்கிற மாதிரி உள்ளே சின்னச் சின்னக் குமிழ் வந்துகொண்டிருக்கும். ஆசிட் தெறித்துத் தெறித்து அவர் லுங்கி முழுக்கப் பொத்தல். "பாட்டரின்றது கைக்கொழந்த மாரி பாப்பா. பசிச்சாலும் அழுவும், ரொம்ப ஊட்னாலும் கக்கும். வாய்தான் இல்ல" என்பார். நான் அவர் பேச்சைக் கேட்பதற்காகவே போவேன். அவர் மகளும் நானும் ஒரே வகுப்பு. கடை வாசலில் கட்டம் கிழித்து நொண்டி ஆடுவோம். அவள் பாவாடையிலும் இரண்டு மூன்று பொத்தல் இருக்கும். அது எனக்குப் பொறாமையாக இருந்தது என்றால் சிரிப்பீர்கள்.

அந்த வருஷம் பாய்க்குத் தொழில் படுத்துவிட்டது. முன்பெல்லாம் ரேடியோ வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் வாரம் ஒருமுறை பாட்டரியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சுவரில் சொருகினால் பாடுகிற ரேடியோ வந்த பிறகு அந்த வரும்படி நின்றது. ஒரே நம்பிக்கை துறைமுகத்தில் ஓடுகிற லாஞ்சு என்கிற மோட்டார் படகுகளின் பாட்டரிகள். லாஞ்சு ஓட்டுகிற ஆட்களுக்கெல்லாம் தலைவர் ஒருவர் இருந்தார், சாரங்கு என்பார்கள். அவர் கை காட்டுகிற கடைக்குத்தான் அந்த பாட்டரிகள் போகும். "மாசக் கடைசிக்குள்ள சொல்றேன் பாய்" என்று சொல்லியிருந்தார். கிடைக்கவில்லை என்றால் கடையை மூடிவிட்டு வாணியம்பாடிக்குப் போய் மச்சானின் தோல் மண்டியில் வேலை பார்ப்பது என்று பேச்சு.

"லாஞ்சு பாட்டரி வந்தா இங்கதான். வரலன்னா வாணியம்பாடி" என்றாள் மகள், ஒற்றைக் காலில் நின்றுகொண்டே.

"அங்க கடல் கெடையாதாமே?"

"கெடையாதுதான். அதான் அத்தா தொழுவும்போதெல்லாம் லாஞ்சுக்காகக் கேட்டுக்கினு கீறாரு."

மீட்டர் பண்ணின கதைக்கு வருகிறேன். கப்பலில் கழித்த சாமான் விற்கிற கடையிலிருந்து நைனா ஒரு சட்டைப்பை காம்பஸ் வாங்கி வந்தார். கண்ணாடி உடைந்தது, முள் மட்டும் நன்றாக இருந்தது. ஓடாத பாக்கெட் வாட்சு ஒன்றைப் பிரித்து உள்ளேயிருந்த மயிரிழை ஸ்பிரிங்கை எடுத்து அந்த முள்ளோடு சேர்த்தார். முள்ளைத் தள்ளிவிட்டால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். அடுத்தது, கரண்ட் பாய்ந்தால் முள்ளை நகர்த்துகிற கம்பிச் சுருள். பட்டாளத்து டெலிபோன் ஒன்றிலிருந்து உருவிய செம்புக்கம்பி, தலைமயிரைவிட மெல்லிசு. அதை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். நைனாவின் விரல் பட்டதும் அறுந்தது, மறுபடி அறுந்தது.

அம்மாவுக்குத் தையல் மெஷின் உண்டு. தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பாள். மெஷினின் ஓரத்தில் பாபினுக்கு நூல் சுற்றுகிற சின்னச் சக்கரம் இருக்கும் இல்லையா, அதில் கம்பியை மாட்டி ஒரு மத்தியான நேரத்தில் சுற்றி முடித்துவிட்டாள்.

"இதுக்குத்தான் நாலு நாளா என்ன திட்டிக்கினு இருந்தியா?"

நைனாவின் கண் அம்மாவின் வெற்றிலைத் தட்டில் இருந்த பித்தளைச் சுண்ணாம்பு டப்பி மேல் இருந்தது. டப்பிக்குள் சுருளும் முள்ளும் கச்சிதமாக உட்கார்ந்தன. மூடியை அறுத்துக் கண்ணாடி பதித்தார். அம்மா அன்றிலிருந்து சுண்ணாம்பைக் கொட்டாங்குச்சியில் வைத்துக்கொண்டாள். வருகிறவர்களிடமெல்லாம், "என் டப்பி ஊர் சுத்தப் போயிருக்குது" என்பாள்.

கோடு போடுவதற்கு பாயே வந்தார். அவருடைய கண்ணாடி பாட்டரி ஒன்றுக்கு இரண்டு வோல்ட்டாம். மூன்றைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். வண்டி வழக்கம்போல வாசலில் நின்றது. சாயங்காலம் வடக்கேயிருந்து வந்து அப்படியே நிறுத்துவதால் அதன் முகம் எப்போதும் தெற்கே பார்த்திருக்கும். மீட்டரை ஹேண்டில்பாருக்கு நடுவே இறுக்கினார்கள். சும்மா இருக்கும்போது முள் முன்சக்கரத்தைப் பார்த்தது. ஒரு ஜாடியை மாட்டினார்கள், முள் வலது பக்கம் நகர்ந்தது. அங்கே நைனா பேனாவால் இரண்டு என்று போட்டார். இரண்டு ஜாடிக்கு நான்கு. மூன்று ஜாடிக்கு ஆறு.

"பிட்டரே, இது படா வேலைய்யா" என்று பாய் நைனாவின் முதுகில் தட்டினார். இரண்டு பேரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்தார்கள். அதற்குமுன் நைனா யாரோடும் பீடியைப் பங்குபோட்டு நான் பார்த்ததில்லை.

அடுத்த ஒரு வாரம் தெருவே எங்கள் வாசலில். டார்ச்சு செல் வைத்திருந்தவர்கள் எல்லாம் கொண்டுவந்து அளந்து பார்த்தார்கள். மீன் கூடையோடு போன அம்மாள் ஒருத்தி நின்று, "யோவ் பிட்டரு, எங்க வூட்டுக்காரனுக்கு எவ்ளோ ஓல்ட்டு கீதுன்னு பாரேன். காலையிலேந்து படுத்துக்கினு கீறான்" என்றாள். "அதுக்கு முள்ளு பத்தாது, சாட்டதான் வேணும்" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

இரண்டாவது வாரம் நைனாவின் முகம் மாறியது. வாசலில் ஸ்விச்சைப் போட்டால் முள் ஆறில் நிற்கிறது. வண்டியைத் திருப்பிக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஐந்துக்கு இறங்கிவிடுகிறது. கம்பெனி வரைக்கும் ஐந்து. சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி ஆறு. நைனா தன் போக்கில் கணக்குப் போட்டார். பாட்டரிக்கு மேலாப்பிலேதான் தெம்பு இருக்கிறது, அடியில் ஒன்றுமில்லை. அதனால்தான் கிளம்பினதும் இறங்குகிறது. வழியெல்லாம் வண்டியின் டைனமோ ஓடி ஓடி ஊட்டிவிடுவதால் திரும்பும்போது ஏறுகிறது. ஆக, பாய் ஏற்றிக் கொடுத்தது நிற்கவில்லை.

கேட்டால் யாருக்கும் சரி என்றுதான் படும். எனக்கும் பட்டது. ஒன்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. மீட்டர் வைத்த பிறகு அந்த வண்டி ஒரு நாள்கூட மக்கர் பண்ணவில்லை. ஒரே உதையில் கிளம்பிக்கொண்டிருந்தது. வண்டி நன்றாக ஓடுகிறதா என்று நைனா பார்ப்பதை விட்டுவிட்டு முள் என்ன சொல்கிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். ரோட்டையும் பார்ப்பதில்லை. ஒரு நாள் முள்ளைப் பார்த்துக்கொண்டே போய்க் கருவாட்டுக் கைவண்டியில் மோதினார். நெத்திலி அத்தனையும் தலையில் கொட்டியது. வண்டி ஒரு வாரத்துக்கு நாறியது, தெருப்பூனைகள் "பட்டாளத்தை" விட்டு நகரவில்லை. "மீட்டர்ல பூனை எவ்ளோன்னு காட்டுதா பாரு" என்றாள் அம்மா. நைனா சிரிக்கவில்லை.

முதல் தடவை சொன்னபோது பாய் பேசாமல் மறுபடி ஏற்றிக் கொடுத்தார். இரண்டாவது தடவை பாட்டரிக்குள் இருக்கிற ஈயத் தகடுகளையே புதுசாக மாற்றிக் கொடுத்தார். மூன்றாவது தடவை ஒரு சனிக்கிழமை. நானும் அவர் மகளும் வாசலில் நொண்டி ஆடிக்கொண்டிருந்தோம். உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து சாரங்கு டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். நைனா வண்டியைக் கடைக்கு முன்னால் நிறுத்தி, ஸ்விச்சைப் போட்டார்.

"பாய், வெளிய வா. இன்னா பாட்டரி இது? ரெண்டு நாளுகூட ஆவல, பாரு, அஞ்சு."

பாய் ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயை எடுத்துவந்து பாட்டரிக்குள் விட்டு ஆசிட்டை உறிஞ்சினார். குழாய்க்குள் ஒரு சின்னக் குண்டு மிதக்கும்; பாட்டரி நன்றாக இருந்தால் மேலே வரும். அது மேலே வந்தது.

"நல்லாத்தான கீது பிட்டரே. குண்டு தல தூக்கிக்கினு நிக்குது பாரு."

"உன் குண்டு உன் கடை குண்டு. என் முள்ளு என் கையால பண்ணது. அது எதுக்குப் பொய் சொல்லப்போவுது?"

"வண்டி ஸ்டார்ட் ஆவாம பேஜார் பண்ணுதா?"

"அது என் ஒதைக்குப் பயந்து ஸ்டார்ட் ஆவுது."

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நைனாவுக்கு ஏறிவிட்டது. அது மட்டும் வராமல் இருந்திருந்தால் என்று நான் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். குரலை உயர்த்தினார்.

"பழைய தகடக் கழுவிப் போட்ற, ஆசிட்ல தண்ணியக் காட்ற, புதுசுன்னு குடுக்கற. தோஸ்துக்கே இப்படின்னா மத்தவன் கதி இன்னா பாய்?"

சாரங்கு பாதி டீயோடு கிளாசை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்து போனார். பாய் குழாயை லுங்கியில் துடைத்தார். ஆசிட் என்பதை மறந்து துடைத்தார். "போய்ட்டு வா பிட்டரே" என்றார், அவ்வளவுதான். மகள் கட்டத்துக்குள் ஒற்றைக் காலில் நின்றபடியே நின்றாள். மறு காலைக் கீழே வைக்கவே இல்லை.

நைனா கெட்டவர் இல்லை. அவர் மனதார நம்பியதைச் சொன்னார். அதனால்தான் கேட்டவர்களும் நம்பினார்கள். கம்பெனி கேட்டில், சலூனில், மீன் மார்க்கெட்டில், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொன்னார். பாட்டரிகள் பாய் கடைக்கு முன்னால் நிற்காமல் தாண்டிப் போக ஆரம்பித்தன. என்னை அங்கே போகக்கூடாது என்றார்.

அந்த நாட்களில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் நான் மீட்டர் மூடியைத் திறந்து, கொண்டை ஊசியால் முள்ளைத் தொட்டேன். சும்மா, அது என்ன பண்ணும் என்று பார்ப்பதற்கு. துடித்து, சுற்றி, ஊசியோடு ஒட்டிக்கொண்டது. பயந்துபோய் உதறிப் பிரித்து, மூடிவிட்டேன். "அதுல கை வச்சே, தோல உரிச்சுடுவேன்" என்று நைனா முதல் நாளே சொல்லியிருந்தார்.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. வண்டி கழுவுகிற நாள். நைனா யாருக்கோ மீட்டரைக் காட்டிவிட்டு ஸ்விச்சை அணைக்க மறந்து, குழாயடிக்கு வண்டியைத் தள்ளினார். நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். குழாயடியில் வண்டியைத் திருப்பினார். அவர் பின்னால் குனிந்து தள்ளிக்கொண்டிருக்க, என் கண்ணுக்கு முன்னால் முள் ஆறிலிருந்து தடுமாறி, இறங்கி, ஐந்தில் வந்து நின்றது. என்ஜின் ஓடவில்லை. விளக்கு எரியவில்லை. வண்டி தெற்கிலிருந்து வடக்கே திரும்பியது, வேறொன்றும் இல்லை. கழுவி முடித்து மறுபடி திருப்பி வாசலுக்குத் தள்ளினார். முள் ஏறி ஆறில் நின்றது.

எனக்குக் காரணம் தெரியாது, நடப்பது தெரிந்துவிட்டது. வடக்கே பார்த்தால் ஐந்து, தெற்கே பார்த்தால் ஆறு. பாட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வாய் வரைக்கும் வந்தது. அப்போதுதான் கொண்டை ஊசி ஞாபகம் வந்தது. நான் தொட்டதால்தான் முள்ளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று தோன்றியது. நான் தொடுவதற்கு எத்தனையோ நாள் முன்னாலேயே அது ஐந்தும் ஆறும் காட்டிக்கொண்டிருந்ததே என்று யோசிக்கிற அறிவு பத்து வயதில் இல்லை. பயம் வந்தால் கணக்கு வராது. நீங்களும் அந்த வயதைக் கடந்தவர்கள்தானே.

அதற்கப்புறம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. தெருமுனைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தேன். கடற்காற்று வேறு அந்த வருஷம் நாளெல்லாம் மணலை வாரி அடித்தது, கதவு ஒன்றும் சாத்தினபடி நிற்கவில்லை. "கண்ணு பட்ருச்சு புள்ளைக்கு" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். நெடி வரவில்லை என்றதும் பெரிய கண்தான் என்றாள். காரணம் இருந்த இடம் வேறு, அவள் தேடின இடம் வேறு.

நடுவில் ஒரு நாள் கடற்கரையில் பாய் மகளைப் பார்த்தேன். கிளிஞ்சல் பொறுக்குகிற மாதிரி குனிந்துகொண்டே வந்தாள்.

"உங்க நைனா எங்க அத்தாவ திருடன்னுட்டாரு. நீயும் அப்டித்தான் நெனைக்கிறியா?"

"இல்ல."

"அப்ப போய்ச் சொல்லு உங்க நைனாகிட்ட."

"நான் சொன்னா கேக்க மாட்டாரு" என்றேன்.

அவள் நம்பினாள். பெரியவர்கள் நாம் சொன்னால் கேட்பதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். அதன் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன்.

மாதத்தின் கடைசி நாள். பாய் ஆள் அனுப்பியிருந்தார்: "வண்டியோட வரச் சொல்லு. எல்லாரு முன்னாடியும் பாத்துடலாம். சாரங்கையும் கூப்ட்டுக்கீறேன்." நைனா சட்டை மாற்றினார். அம்மா என்னைப் பின்சீட்டில் ஏற்றி உட்காரவைத்தாள். "புள்ள கூட இருந்தா கை நீட்ட மாட்டாரு" என்று பக்கத்து வீட்டில் சொன்னது என் காதில் விழுந்தது.

கடைக்கு முன்னால் கும்பல். சாரங்கு சுவரில் சாய்ந்து நின்றார். பாய் மூன்று கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து வண்டிக்குப் பக்கத்தில் இறக்கினார். அன்றைக்கு அவர் லுங்கி உடுத்தியிருக்கவில்லை. பெருநாளுக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையும் பேண்டும்.

"பிட்டரே, இந்த மூணுதான அன்னிக்கி உன் மீட்டருக்குக் கோடு போட்டுது? நீயே போட்ட கோடு. இன்னா போட்ட?"

"ஆறு."

"மாட்டு."

நைனா மாட்டினார். முள் எழுந்தது, ஐந்தில் நின்றது. கும்பல் முணுமுணுத்தது. நைனா நெற்றியைத் துடைத்தார்.

"இதையும் நீதான பாய் ஏத்தற."

பாய் ஜாடிகளையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் பக்கத்தில் மகள் நின்றிருந்தாள். அவள் முள்ளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் பின்சீட்டிலிருந்து கத்தினேன்.

"வண்டியத் திருப்பு நைனா! தெக்கால திருப்பு!"

"சும்மா கெட."

"திருப்பு நைனா, ஒரு தபா திருப்பு!"

சாரங்குதான் முன்னால் வந்தார். "புள்ள சொல்லுதே, திருப்பேன்யா" என்று ஒரு கை கொடுத்தார். இரண்டு பேர் ஜாடிகளைத் தூக்கிக்கொண்டு கூடவே சுற்றினார்கள். வண்டி திரும்பத் திரும்ப முள் குடித்தவன் மாதிரி ஆடி, ஏறி, ஆறில் போய் நின்றது.

சாரங்கு குனிந்து கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார்.

"இது காம்பஸ் முள்ளுய்யா! எதுல கொண்டுபோய் வச்சாலும் அதுக்கு வடக்குதான்யா புத்தி. வடக்க போனா எடத்த வுட்டு நவுர மாட்டேன்னு அடம் புடிக்கும். தெக்க போனா அந்தாண்ட திரும்பணும்னு கூடக் கொஞ்சம் சாயும். இத வச்சிக்கினா பாட்டரிய அளந்த?"

நைனாவின் முகத்தில் நான் வெட்கத்தை எதிர்பார்த்தேன். வந்தது சந்தோஷம். "அட!" என்றார். வண்டியை மறுபடி வடக்கே திருப்பினார், ஐந்து. தெற்கே, ஆறு. "அட, பார்றா!" நாலைந்து தடவை திருப்பினார். ஒரு மாதமாகப் புரியாதது புரிந்துவிட்ட குஷி. சுற்றி யார் இருக்கிறார்கள் என்றே மறந்துவிட்டார்.

"பிட்டரே" என்றார் பாய். "வண்டிய அப்பால சுத்து. ஒரு வார்த்த சொல்லு."

நைனா நின்றார். அப்போதுதான் அவருக்குத் தரை தெரிந்தது. "தப்பு என்னுதுதான் பாய்" என்றார், தாடைக்குள்ளேயே.

"ஒரக்கச் சொல்லு. அன்னிக்கி ஒரக்கதான சொன்ன."

நைனா உரக்கச் சொன்னார். எதிர்ச்சாரியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பாய் தலையை ஆட்டிவிட்டு சாரங்கைப் பார்த்தார். கடை வாசலில் இருந்த அத்தனை பேரும் சாரங்கைப் பார்த்தோம்.

அவர் தொண்டையைச் செருமினார். "நான் முந்தாநாளே வண்ணாரப்பேட்ட ஆளுக்கு வார்த்த குடுத்துட்டேன் பாய். பாட்டரிங்களும் போயிட்ச்சி." பாயின் தோளைத் தொட்டு, "உன் மேல ஒரு தப்பும் இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சிபோச்சில்ல" என்றார்.

"தெரிஞ்சிபோச்சி" என்றார் பாய்.

அன்றைக்கு எனக்குத்தான் கொண்டாட்டம். ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளினார்கள். பாய் என்னைத் தூக்கி, "என் மானத்தக் காப்பாத்துன புள்ள" என்றார். பெருநாள் சட்டையில் அத்தர் வாசமும் அதற்கடியில் ஆசிட் வாசமும் வந்தது. என்னை இறக்கிவிட்டதும் மகள் கையைப் பிடித்துக் கடைக்குப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

"திருப்புன்னு உனக்கு எப்டித் தெரியும்?"

"பாத்தேன்."

"எப்போ?"

எனக்குப் பொய் வரவில்லை. "போன ஞாயித்துக்கு முந்தின ஞாயிறு."

அவள் விரல் விட்டு எண்ணினாள். சாரங்கு முந்தாநாள் என்று சொன்ன நாள் வரைக்கும் எண்ணி, மிச்ச விரல்களை மடக்கிக்கொண்டாள். அத்தனை நாளும் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறேன்.

நைனா அந்த வாரம் முழுக்க, எங்கெல்லாம் பேசினாரோ அங்கெல்லாம் போய்த் தன் தப்பைச் சொன்னார். "ராஜி ஆயிட்டீங்களா, நல்லது நல்லது" என்றார்கள். அவர் சொல்லச் சொல்ல, பாய் ஏதோ செய்து வாயை அடைத்துவிட்டார் என்றுதான் நினைத்தார்கள். கடைசியில் பாயே வந்து, "போதும் பிட்டரே, நீ சும்மா இருந்தாலே எனக்கு நல்லது" என்றார். நைனாவால் சும்மா இருக்க முடியாதே. மீட்டரைப் பிரித்து, வடக்கே போகும்போது பார்ப்பதற்கு என்று சிவப்பு மையில் இன்னொரு வரிசைக் கோடு போட்டார். அதை பாயிடம் காட்டப் போனபோது கடை மூடிக் கிடந்தது, சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் புறப்பட்ட அன்று சாயங்காலம் ஜட்கா எங்கள் தெரு வழியாக வந்து வாசலில் நின்றது. சொல்லிக்கொள்ள வந்தார்கள். நைனா உள்ளே போய்விட்டு வெளியே வந்து மறுபடி உள்ளே போனார். பாயின் சம்சாரம் பாயம்மா வண்டியிலிருந்து இறங்காமலே ஒரு தூக்குப் பாத்திரத்தை நீட்டினார்கள். ரவையும் நெய்யும் சர்க்கரையும் போட்டுச் சுட்டது, பெருநாளைக்கு மட்டும் செய்கிற தம்ரூட். மேலே முந்திரி.

"கடசியா இந்த அடுப்புல செஞ்சது. பாப்பாவுக்கு மட்டுந்தான். யாரும் பங்கு கேக்கக் கூடாது" என்றார் பாய். "இந்தப் புள்ள வாயத் தொறக்கலன்னா நான் திருட்டுப் பட்டத்தோட ஊரு வுட்டுப் போயிருப்பேன்."

நான் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மகள் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அத்தா அவள் பக்கத்தில்தான் இருந்தார், என் நைனா வாசலில் இருந்தார். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி இல்லை, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.

"தின்னு. அம்மா உனக்காகத்தான் செஞ்சாங்க."

ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டேன். "நல்லாக்கீதா?" என்றார் பாயம்மா. தலையாட்டினேன். "இன்னொண்ணு எடு" என்றார். எடுத்தேன். குதிரை காலை மாற்றி மாற்றி வைத்து நின்றது, ஜட்காக்காரர் ரயிலுக்கு நேரமாகிறது என்றார். நான் விழுங்கி முடிக்கிற வரைக்கும் அவள் கண்ணை எடுக்கவில்லை.